எனெடினா வார்கஸ், எம்.ஏ.

ஒரு பெண் அமெரிக்காவில் இருக்கலாம், ஆனால் எதுவும் செய்யக் கூடாது என்று சொல்வதற்கென்றே ஒரு விசா உண்டு. ஹெச்-ஃபோர் என்பது அதன் பெயர். கணவன் வேலை பார்க்கலாம். மனைவி அவன் வரும் வழியைப் பார்க்கலாம். வழியைப் பார்ப்பதற்கு அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை.

வசந்தாமணி 1998-ல் அந்த விசாவோடு சான் ஹோசேக்கு வந்தாள். அதற்கு முன் பொள்ளாச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் அறுபது பெண்கள் எழுந்து நிற்பார்கள். இங்கே அவள் சமையலறைக்குள் நுழைந்தால் ஃபிரிட்ஜ் மட்டும் ஒருமுறை உறுமிவிட்டு அடங்கும். கணவன் சேனாபதிக்கு, இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி பேதலித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. உலகத்தைக் காப்பாற்றுகிற வேலை என்பதால் வீட்டுக்கு வர நேரமாகும்.

பகலில் அவளோடு பேசியவர்கள் தொலைபேசி நிறுவன விற்பனைக்காரர்கள் மட்டும்தான். எங்கள் நிறுவனத்துக்கு மாறிக்கொள்ளுங்கள், இந்தியாவுக்குப் பேச மலிவு என்பார்கள். மற்ற வீடுகளில் போனைப் பட்டென்று வைத்துவிடுவார்கள். வசந்தாமணி முழுவதையும் கேட்பாள். பிறகு, உங்களுக்கு எந்த ஊர், குழந்தைகள் உண்டா, மதியம் சாப்பிட்டீர்களா என்று விசாரிப்பாள். ஒருநாள் கன்சாஸிலிருந்து கூப்பிட்ட ஒருவன், அம்மா எனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி அவனே போனை வைத்துவிட்டான். அன்று அவள் அழுதாள். ஒரு விற்பனைக்காரனுக்கே தன் பேச்சு அலுத்துவிட்டதே என்றுதான் அழுதாள்.

இந்த நிலையில்தான் லிவர்மோர் கோயிலில், புளியோதரை வரிசையில், சிவராமகிருஷ்ணன் அங்கிள் அவளைக் கண்டுபிடித்தார். சிப் தயாரிக்கும் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து, பங்குகளை நல்ல நேரத்தில் விற்று, அடுத்து எதில் பெரிய பதவி வகிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தவர்.

"எம்.ஏ. ஹிஸ்டரியா? அடடா! வீட்ல ஏன் வேஸ்ட் பண்ணிண்டிருக்கே? எங்க சென்டர்ல வாலன்டியர் பண்ணேன். இந்த சிலிக்கான் வேலிக்கு ஒரிஜினலா சொந்தக்காரா இருந்தாளோல்லியோ, அந்த நேட்டிவ் பீப்பிள், அவா ஹிஸ்டரிய புக்கா போடறோம். நானும் ஒரு எடிட்டர்."

"அங்கிள், நீங்க செமிகண்டக்டர்லதானுங்களே இருந்தீங்க?"

"அதனாலென்ன? சிலிக்கான்னா என்ன? மண்ணு. அந்த மண்ணு யாரோடது? அவாளோடது. நாப்பது வருஷமா அவா மண்ணோடதானே நேக்கு வேலை! கனெக்‌ஷன் இருக்கோல்லியோ?"

இந்த வாக்கியம் பிற்பாடு ஆங்கிலத்தில் செம்மை செய்யப்பட்டு, புத்தகத்தில் அவரைப் பற்றிய நான்கு பக்கக் குறிப்பின் முதல் வரியாக வந்தது.

பள்ளத்தாக்குத் தொல்குடி வரலாற்று மையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழே பல்லைத் துளைக்கும் சத்தம் மேலே ஆராய்ச்சிக்கு ஒத்தாசையாக எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். இயக்குநர் டாக்டர் வில்லர்ட் ப்ரூஸ்டர் அவளை வரவேற்றார். தலைமைப் பதிப்பாசிரியர் டாக்டர் கான்ஸ்டன்ஸ் ஹீலி கை குலுக்கினார். வசந்தாமணி என்பது நீளமாக இருப்பதால், உங்கள் பண்பாட்டின் மீது எங்களுக்குள்ள மரியாதை காரணமாக அதைத் தப்பாக உச்சரிக்க விரும்பவில்லை, ஆகவே 'வி' என்று கூப்பிடுகிறோம் என்றார்கள். வீட்டில் 'ஏம்புள்ள', இங்கே 'வி'. அவளுடைய முழுப் பெயர் பாஸ்போர்ட்டில் பத்திரமாக இருந்தது.

புத்தகம் ஒன்பது வருஷமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. வரலாற்றை எழுத இரண்டு வருஷம்தான் ஆனதாம். மிச்ச வருஷங்கள் எல்லாம், 'ஆய்வாளர்கள், பதிப்பாசிரியர்கள்: தொழில்முறைப் பின்னணி' என்ற பகுதிக்கு. அதைச் சரிபார்த்து முடிப்பதுதான் அவள் வேலை. வேலை என்று சொல்லக் கூடாது, விசாவுக்கு ஆகாது. அவள் சும்மா வந்து சரிபார்ப்பாள்.

"ஒரு வரலாற்றைப் படிக்கும் வாசகர் முதலில் கேட்பது, இதை எழுதியவர் யார் என்று," ப்ரூஸ்டர் முதல்நாள் அவளுக்கு விளக்கினார். "அடுத்துக் கேட்பது, அவர் எங்கே படித்தார் என்று. அதற்குப் பிறகு எந்த வாசகரும் எதுவும் கேட்டதாக எனக்கு நினைவில்லை."

பின்னணிக் குழு வாராவாரம் கூடியது. அதில் ஆய்வாளர்கள், தாங்கள் படித்த கல்லூரிகளோடு, தொல்குடிகளோடு தங்களுக்குள்ள நெருக்கத்தையும் நிறுவ வேண்டும். டாக்டர் ஹீலி ஆறு வயதில் தோட்டத்தில் கிடந்த ஒரு ஓக் கொட்டையைக் கடித்து வாந்தியெடுத்தார். தொல்குடிகளின் முக்கிய உணவு அந்தக் கொட்டைதான். ஆகவே, 'அவர்களுடைய உணவு மரபோடு எனக்கு நேர்ந்த முதல் உடல்சார்ந்த சந்திப்பு' என்று அது ஒன்றரைப் பக்கம் வந்தது. இன்னொரு பேராசிரியர், தான் ஓர் அந்நியன், இந்த மக்களைப் பற்றிப் பேசத் தனக்கு அருகதையே இல்லை என்று நாலு பக்கம் மனம் திறந்திருந்தார். பேச வாய்ப்பளித்த அறக்கட்டளைகளுக்கு மேலும் இரண்டு பக்கம் நன்றி சொல்லியிருந்தார். அருகதையின்மைக்கு நாலு பக்கமா என்று மற்றவர்களுக்குத் தாங்கவில்லை. எங்களுக்கு மட்டும் என்ன அருகதை இருக்கிறது என்று ஆளாளுக்கு ஐந்து பக்கம், ஆறு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

புத்தகம் பெருத்தது. பைண்டிங் செய்பவர், இதற்கு மேல் பசை தாங்காது என்று சொல்லிவிட்டார். எதையாவது குறைத்தாக வேண்டும்.

"வரலாறு எங்கேயும் ஓடிவிடாது," என்றார் ப்ரூஸ்டர். "பல ஆயிரம் வருஷமாக இருப்பது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்."

கூடை முடைவதைப் பற்றிய அத்தியாயம் ஒரு பத்தியாக ஆனது. சாவுச் சடங்குகள் அடிக்குறிப்புக்குப் போயின. அவர்கள் பேசிய மொழியின் சொற்களை, இடம் கிடைத்தால் பின்னட்டையில் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவானது. இடம் கிடைக்கவில்லை. அங்கே ப்ரூஸ்டரின் படம் வந்தது.

வசந்தாமணிக்கு இதெல்லாம் முதலில் புதிராக இருந்தது, அப்புறம் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இது கல்யாணப் பத்திரிகை! அவளுடைய கல்யாணத்தில், 'கூட்டுறவு வங்கிச் செயலாளர், ஓய்வு' என்பதில் 'செயலாளர்' விட்டுப்போனதற்காகப் பெரியப்பா மூன்று மாசம் பேசவில்லை. யார் பெயருக்குக் கீழே யார் பெயர் வரக்கூடாது, யாருக்கு எத்தனை பட்டம் போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவள் எடுத்துக் கட்டியபிறகு குழுவில் சண்டை பாதியாகக் குறைந்தது. 'வி'க்கு இயல்பாகவே ஆய்வு மனம் இருக்கிறது என்றார் ஹீலி.

அந்த மையத்துக்கு ஓர் அம்மாள் வாராவாரம் வருவாள். பெயர் லூபே வார்கஸ். பெயர்தான் ஸ்பானியம், ஆள் அந்தத் தொல்குடி. பள்ளிக்கூடத்து உணவகத்தில் பரிமாறி ஓய்வு பெற்றவள், கிழக்கு சான் ஹோசேயில் தனியாக இருந்தாள். வந்து வரவேற்பறை நாற்காலியில் உட்காருவாள். அந்த மையத்தில் ஆய்வாளர்களைச் சந்திக்க ஆய்வாளர்களுக்குத்தான் நேரம் ஒதுக்குவார்கள். தொல்குடியினர் யாராவது நேரில் வந்தால் என்ன செய்வது என்று விதிமுறைகளில் எழுதப்படவில்லை. அதனால் தண்ணீர் கொடுத்து உட்காரவைப்பார்கள். தண்ணீர் கொடுப்பது வசந்தாமணி.

"உங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?" என்று ஒருநாள் வசந்தாமணி கேட்டாள்.

"இல்லை. நீதான் முதல்," என்றாள் லூபே. "என் அம்மா பேரை அந்தப் புத்தகத்தில் போடச் சொல்லு. எனெடினா வார்கஸ்."

அவள் அம்மா 1931-ல் ஓர் ஆய்வாளரிடம், ஒரு கோடைகாலம் முழுக்க, தான் அறிந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஓடைகளின் பெயர், கூடை, மருந்து, பாட்டு, யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்பது வரை. அந்தப் புத்தகத்தில் வரலாறு என்று எஞ்சியிருந்ததெல்லாம் அநேகமாக அவள் சொன்னதுதான். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் 'தகவலாளி எண் 4' என்றே இருந்தது.

ஒன்றிலிருந்து மூன்று வரை யார் என்று வசந்தாமணி ஹீலியிடம் கேட்டாள். அந்த ஆய்வாளரின் கார் ஓட்டுநர், சமையல்காரர், வீட்டுச் சொந்தக்காரர் என்றார் ஹீலி. அவர்கள் பெயர் நன்றியுரையில் வருகிறதாம். அவர்களுக்குத் தொழில் இருந்ததல்லவா?

"எங்க அம்மாவைப் பிடிக்காதவங்க நிறையப் பேர் உண்டு," என்றாள் லூபே. "என்னென்னவோ சொல்லித் திட்டியிருக்காங்க. நாலுன்னு யாரும் கூப்பிட்டதில்லை."

"என்னை இங்க ஒரு எழுத்தா ஆக்கிட்டாங்க," என்றாள் வசந்தாமணி. "உங்க அம்மாவை ஒரு எண்ணா."

லூபே வாய்விட்டுச் சிரித்தாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள், இவள் இட்லிப் பொடியும் அவள் சோள மாவுப் பண்டமுமாக. சேனாபதி அந்த மாதத்தில் வசந்தாமணியிடம் பேசியதைவிட லூபே ஒரு மதியத்தில் அதிகம் பேசினாள்.

பங்களிப்பாளர் பட்டியலை வசந்தாமணி அச்சுக்குத் தயார் செய்தபோதுதான் அந்தத் தப்பு நேர்ந்தது. நம் கல்யாணப் பத்திரிகைகளில் காலமான பெரியவர்கள் பெயரைத்தானே முதலில் போடுவோம், தெய்வத்திரு என்று. அவர்கள் வீட்டுக் கல்யாணம் என்பதால் அவர்கள்தான் முதலில் அழைக்க வேண்டும். செத்துப்போனது ஒரு காரணமாகாது. அந்தப் பழக்கத்தில், பட்டியலின் தலையில், ப்ரூஸ்டருக்கும் மேலே, 'காலஞ்சென்ற எனெடினா வார்கஸ்' என்று போட்டுவிட்டாள்.

பின்னணிக் குழு அவசரமாகக் கூடியது.

"இந்தப் பெண்மணி மீது எங்களுக்கு அளவற்ற மரியாதை உண்டு," என்று ஆரம்பித்தார் ப்ரூஸ்டர். மரியாதை என்று அவர் ஆரம்பித்தால் எதுவோ பறிபோகப் போகிறது என்பது வசந்தாமணிக்கு அதற்குள் தெரிந்திருந்தது. "ஆனால் அவருடைய பின்னணி என்ன? தொல்குடி வரலாறு ஒரு துறை. அதில் பயிற்சி வேண்டும். அவருக்குப் பயிற்சி இல்லை. அவர் வெறுமனே அதில் வாழ்ந்திருக்கிறார்."

"அதை வைத்துக்கொண்டு அவர் நடுநிலையோடு இருந்திருக்க முடியாது," என்றார் ஹீலி.

"அவங்க பழத்தோட்டத்துல ப்ளம் பறிச்சாங்களாம். துணி தைச்சாங்களாம். பிரசவம் பாத்தாங்களாம்," என்றாள் வசந்தாமணி.

"உரிமம் இருந்ததா?" என்று கேட்டார் சிவராமகிருஷ்ணன் அங்கிள்.

கடைசியில் ப்ரூஸ்டர் பெருந்தன்மையாக ஒரு வழி சொன்னார். யாரையும் விலக்குவது மையத்தின் கொள்கைக்கு விரோதம். தகுந்த தொழில்முறைப் பின்னணி ஒன்றைக் கொடுத்தால் எனெடினா வார்கஸின் பெயரை, அகர வரிசையில், தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரும் அதையேதான் சொன்னது. பின்னணி காலியாக இருந்தால் பெயரை வாங்க மாட்டேன் என்றது.

கூட்டம் முடிந்து போகும்போது அவளை நிறுத்தி இன்னொன்றையும் சொன்னார். நன்றியுரையில் அவள் பெயரைப் போடுவதாக இருந்தார்களாம். வக்கீல் கூடாது என்றுவிட்டாராம்.

"உங்கள் நன்மைக்குத்தான், வி. பெயர் அச்சில் வந்தால் நீங்கள் இங்கே வேலை செய்ததாக ஆகிவிடும். நீங்கள் இங்கே எதுவும் செய்யவில்லை. அதில் நாங்கள் எல்லோரும் உறுதியாக இருக்கிறோம்."

அவள் இருபத்திரண்டாம் எண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு திரும்பினாள். தன் பெயரைப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறோம் என்பது அது இல்லை என்று ஆனபிறகுதான் தெரிந்தது. ஒரு வரி. சின்ன எழுத்தில் போட்டிருந்தாலும் போதும். இந்த ஊரில் இவள் இருந்தாள் என்று யாரோ ஒருவர் எங்கோ ஓரிடத்தில் படித்திருப்பார்.

மறுநாள் அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒருத்தியிடம் பெயர் இருந்தது, பின்னணி இல்லை. இன்னொருத்தியிடம் பின்னணி இருந்தது, அதைப் போட்டுக்கொள்ளப் பெயர் இல்லை. நேற்றைய சோற்றையும் நேற்றைய குழம்பையும் வீணாக்க எந்தக் குடும்பப் பெண்ணுக்கும் மனசு வராது. அவள் அடித்தாள்:

'எனெடினா வார்கஸ், எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு, கோயம்புத்தூர். பொள்ளாச்சியில் கல்லூரி விரிவுரையாளராகப் பணியாற்றியவர். விடுதிக் காப்பாளராகவும் இருந்தவர். தற்போது சான் ஹோசேயில் இருக்கிறார்.'

கடைசி வாக்கியம் மட்டும் இருவருக்கும் பொருந்தியது. எனெடினாவை அந்த ஊர்க் கல்லறையில்தான் புதைத்திருந்தார்கள்.

கம்ப்யூட்டர் உடனே வாங்கிக்கொண்டது. குழுவும் வாங்கிக்கொண்டது. அங்கே அடுத்தவர் பின்னணியை யாரும் படிப்பதில்லை, ஸ்கேல் வைத்து நீளத்தை மட்டும் அளப்பார்கள். எனெடினாவுடையதுதான் இருப்பதிலேயே குட்டை என்பதில் எல்லோருக்கும் திருப்தி. எம்.ஏ. போட்டபிறகு, அது காலஞ்சென்ற ஒருத்தியின் பெயர் என்பது யார் நினைவிலும் இல்லை.

"தன்னடக்கம் உள்ளவர்," என்றார் ஹீலி. "நம் துறையில் இது அரிது."

அன்று சாயந்திரம் சேனாபதி லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஏனுங், எம் படிப்ப ஒருத்தருக்குக் குடுத்துட்டனுங்."

"ஆருக்கு?"

"செத்துப்போன ஒரு அம்மாவுக்குங்."

அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். "ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டக் குடுத்துட்டயா?"

"இல்லீங்."

"அப்பப் பரவால்ல புள்ள. ரசம் கொஞ்சம் ஊத்து."

புத்தகம் இரண்டாயிரத்தின் வசந்தத்தில் வந்தது. உலகத்துக் கம்ப்யூட்டர்கள் குழம்பாமல் அந்த வருஷத்தில் நுழைந்திருந்தன. புத்தகத்தில் 'தகவலாளி எண் 4' அப்படியே இருந்தார். அவரும் பங்களிப்பாளர் எனெடினா வார்கஸ், எம்.ஏ.யும் ஒருவரே என்று சொல்லும் வரி எங்கும் இல்லை. மதிப்புரை எழுதிய ஒருவர், தகவலாளி எண் 4 சொல்வதை வார்கஸ் போன்ற பயிற்சி பெற்ற அறிஞர் உறுதி செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று குறைபட்டுக்கொண்டார்.

சிவராமகிருஷ்ணன் அங்கிள் வீட்டுக்கே போன் பண்ணினார். தன் குறிப்பு அகர வரிசையில் எங்கே வருகிறது என்று தேடியபோது இரண்டு பக்கம் தள்ளி அவர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"வசந்தா, இந்த எனெடினா நம்மூர்ப் பொண்ணாமே! பொள்ளாச்சியாமே! யாரோ மெக்ஸிகன கல்யாணம் பண்ணிண்டு பேரையும் மாத்திண்டுட்டா போலருக்கு. கோயமுத்தூர்க்காரிக்கு இவ்ளோ தைரியமா! நோக்குத் தெரியுமோ அவள?"

"கொஞ்சம் தெரியுமுங்க அங்கிள்."

"என்ன பண்றா இப்போ?"

"வீட்லதானுங்க இருக்காங்க."

"ஐயோ, வேஸ்ட்! தமிழ்ச் சங்கத்துல பேசச் சொல்லலாம். சென்டர் போர்டுக்கும் அவ பேரத்தான் சொல்லப்போறேன். அவ ஒருத்திதான் தன் குறிப்பு சின்னதா இருக்குன்னு கம்ப்ளெயின்ட் பண்ணல."

வெளியீட்டு விழா ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. வசந்தாமணி அரக்குப் பட்டு கட்டியிருந்தாள், கட்டி ஒன்றரை வருஷமாகிவிட்டதால் மடிப்பு சொன்னபடி கேட்கவில்லை. சேனாபதி அரிசோனாவில் ஒரு க்ளையன்ட் ஆபீஸில் இருந்தான். லூபே முத்துப் பித்தான் வைத்த கறுப்பு உடுப்பில் வந்திருந்தாள். இருவரும் நாலாவது வரிசையில் சேர்ந்து உட்கார்ந்தார்கள்.

விளக்கு அணைவதற்கு முன் வசந்தாமணி அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். லூபே விரல் வைத்துத் தன் அம்மா பெயரைப் படித்தாள். விரலை எடுக்காமல் இன்னொருமுறை படித்தாள். பிறகு கீழே இருந்ததைப் படித்தாள்.

"இது யார்?"

"அது நான். அப்படி எழுதலைன்னா பேரை உள்ள விடமாட்டேன்னாங்க. உங்களுக்குக் கோபமா?"

லூபே அந்த வரியின்மேல் விரலை நகர்த்தினாள். "அம்மா பள்ளிக்கூடத்துக்குப் போகணும்னு ரொம்ப ஆசைப்பட்டா," என்றாள். "முதல் வகுப்புன்னா நல்ல மார்க்கா?"

"ரொம்ப நல்ல மார்க்."

"அப்ப இருக்கட்டும்."

ப்ரூஸ்டர் மேடையேறினார். "இன்று நம்மிடையே ஒரு பெரும் வெறுமையை உணர்கிறோம்," என்றார். "இந்த மண்ணின் முதல் மக்களில் ஒருவர்கூட இந்த அரங்கில் இல்லை. காலம் அவர்களைக் கொண்டுபோய்விட்டது. அவர்கள் இல்லாத குறை தெரியாதபடி, அவர்களைப் பற்றி அறிந்த நாற்பத்தொரு பேரை இந்தப் புத்தகத்தில் கூட்டியிருக்கிறோம். பேசுவதற்கு அவர்கள் இல்லை என்பதால்தான் நாம் பேச நேர்ந்தது. அந்தப் பொறுப்பின் பாரம் எங்களைத் தூங்கவிடவில்லை." லூபே தன் கைப்பையிலிருந்து இரண்டு புதினா மிட்டாய்களை எடுத்து ஒன்றை வசந்தாமணியிடம் கொடுத்தாள். முன்வரிசையில் ஹீலி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு பங்களிப்பாளர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர் எழுந்து நிற்க வேண்டும், அவருடைய பட்டங்கள் வாசிக்கப்படும், கைதட்டல் கேட்கும், அவர் உட்காருவார். அகர வரிசையில் நெடுநேரம் இது நடந்தது.

"எனெடினா வார்கஸ்," என்றார் ப்ரூஸ்டர்.

லூபே எழுந்தாள். அது அவள் அம்மாவின் பெயர்.

"எம்.ஏ. வரலாறு, முதல் வகுப்பு. கல்லூரி விரிவுரையாளர்."

வசந்தாமணியும் எழுந்துவிட்டாள். எழ வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. தன் வாழ்க்கையை யாரோ ஒலிபெருக்கியில் படிக்கக் கேட்டு வெகுநாளாகிவிட்டது, கால் தானாக நிமிர்ந்துவிட்டது.

ப்ரூஸ்டர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்துப் புன்னகைத்தார். "வி, காபி பிறகு கொடுத்தால் போதும். அம்மா, நீங்களும் உட்காருங்கள், இது பங்களிப்பாளர்களுக்கான மரியாதை." மறுபடியும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அரங்கத்தைச் சுற்றிப் பார்த்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "திருமதி வார்கஸ் வர இயலவில்லை போலிருக்கிறது. நம் துறையில் பணிச்சுமை அப்படி. அவருக்கு நம் பாராட்டைத் தெரிவிப்போம்."

அரங்கம் முழுக்கக் கைதட்டியது. அங்கிள் எழுந்து நின்றே தட்டினார். தட்டல் ஓய்ந்ததும் அடுத்த பெயரைப் படித்தார்கள்.

பின்னாலிருந்து யாரோ, மறைக்கிறது, தயவுசெய்து உட்காருங்கள் என்றார்கள். வசந்தாமணி முழங்காலை மடக்கப் போனாள். லூபே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், "இன்னும் கொஞ்ச நேரம்," என்றாள்.